பூட் ஆகாத வீட்டுக் கம்ப்யூட்டர்: எந்தப் பாகம் கெட்டது என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீசியஸில் புயல் பருவம் தொடங்கிவிட்டால் எங்கள் ரோஸ் ஹில் பக்கம் எல்லாரும் கேட்பது இதைத்தான்: "கரண்ட் போய் வந்ததிலிருந்து கம்ப்யூட்டர் ஆன் ஆகமாட்டேங்குது, என்ன வாங்கணும்?" என்ன வாங்குவது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அது எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கோவில் கூடத்தில் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போது, புதியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் ராம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம்), டிஸ்க், கார்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிவிடுவார்கள். திரும்ப மாட்டினால் சில சமயம் ஓடும். எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரத்தில் மறுபடி நின்றுவிடும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றியதும் ஆன் செய்து பாருங்கள், பார்த்ததை எழுதிவையுங்கள், அப்புறம் அடுத்தது.

1. கையில் இருக்க வேண்டியவை

நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர், டார்ச், ஒரு நோட்டு, போன் கேமரா. இவ்வளவு இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி), 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, ஃபார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (90 சதவீதத்துக்கு மேல்), ஒரு பேப்பர் கிளிப் ஆகியவையும் இருந்தால் மீதியையும் செய்துவிடலாம்.

எதையும் தொடுவதற்கு முன் உள்ளே இருப்பதை நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். முன்பக்க பட்டனிலிருந்து மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய பலகை) வரும் மெல்லிய ஒயர்களைக் கிட்டத்தில் வைத்து எடுங்கள். அவற்றை மாற்றி மாட்டிவிட்டு, இல்லாத கோளாறைத் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர்.

பெட்டிக்குள் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் அதில் வடிந்துவிடும். பிளக் செருகியிருக்கும் வரை, கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த நிலையில் ராமைக் கழற்றினால் நல்ல ராமும் கெட்டுப்போகலாம். உள்ளே தொடுவதற்கு முன் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் அதில் இறங்கிவிடும்.

சுவர் மின்சாரத்தை வாங்கி மற்றப் பாகங்களுக்குக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரமாக (டிசி) மாறி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது அடிக்கும்.

2. தண்ணீர் பட்டதா? அப்படியென்றால் ஆன் செய்யாதீர்கள்

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்கள் ஆறாக ஓடியது எல்லாருக்கும் நினைவிருக்கும். தரையில் வைத்த கம்ப்யூட்டருக்குள் அந்த மாதிரித் தண்ணீர் புகுந்தால், அதைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் இல்லை, அவசரப்பட்டுப் போடுகிற மின்சாரம்.

பிளக்கை எடுங்கள். டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். எல்லாவற்றையும்விட அதிலிருக்கும் போட்டோக்கள்தான் உங்களுக்கு முக்கியம். மதர்போர்டில் சேறு படிந்திருந்தால் அதிலிருக்கும் காசு மாதிரியான பேட்டரியை எடுத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கொண்டு துடைத்து, ஃபேன் காற்றில் பல நாள் உலர விடுங்கள். நனைந்த பவர் சப்ளையைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். ஹார்ட் டிஸ்க் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் நீங்களாக ஓட்டிப் பார்க்காமல் டேட்டா மீட்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

3. எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

பிளக்கைச் செருகி, பவர் பட்டனை அழுத்தி, ஒரு நிமிடம் எதையும் தொடாமல் பாருங்கள். கேளுங்கள், முகர்ந்தும் பாருங்கள். கருகல் வாடை வந்தால் உடனே சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பூட் ஆவதில், அதாவது ஆன் செய்ததிலிருந்து விண்டோஸ் வரும் வரை, ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பவர் சப்ளை விழிக்கும். தன் வோல்ட்டேஜ்கள் நிலைத்ததும் மதர்போர்டுக்கு "எல்லாம் சரி" என்று ஒரு சிக்னல் அனுப்பும். அது வந்த பிறகே கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் எழும். பிராசசர் ராமைச் சோதிக்கும், பிறகு திரையை உயிர்ப்பிக்கும், பிறகு டிஸ்க்கைத் தேடும், கடைசியில் விண்டோஸ். எது வரை வந்தது என்று தெரிந்தால் அதற்கு முந்தினவற்றையெல்லாம் பெரும்பாலும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நோட்டில் இவற்றில் ஒன்றை எழுதுங்கள்:

அ. ஒன்றுமே இல்லை. விளக்கில்லை, ஃபேன் இல்லை.
ஆ. ஒரு கணம் ஃபேன் துள்ளி நின்றுவிடுகிறது, அல்லது தானாக ஆன் ஆகி ஆன் ஆகி அணைகிறது.
இ. ஃபேன் எல்லாம் ஓடுகிறது, திரை கருப்பு.
ஈ. கம்பெனி லோகோ அல்லது பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் சின்ன நிரல்) வருகிறது, விண்டோஸ் வரவில்லை.
உ. விண்டோஸ் வருகிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது.

அ என்றால் கீழே 4, 5-ஆம் படிகளைப் பாருங்கள். ஆ என்றால் 5, 8. இ என்றால் 6, 7, 8. ஈ என்றால் 9. உ என்றால் 10. "ஆன் ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் கம்ப்யூட்டரில் பாதி உண்மையில் இ வகைதான். எல்லாம் ஆன் ஆகியிருக்கும், திரையில் மட்டும் ஒன்றும் வந்திருக்காது.

இன்னொன்றையும் எழுதிவையுங்கள்: கடைசியாக நன்றாக ஓடியதற்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது? மின்னல், வீடு மாற்றியது, புது ராம் போட்டது, தூசி தட்டியது. எதுவும் இல்லாமல் தானாகக் கெடுவதைவிட, ஏதோ ஒன்று நடந்து கெடுவதுதான் அதிகம்.

4. சுவரிலிருந்து பெட்டி வரை

உள்ளே திறப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை.

மானிட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் போகும் மின் கேபிள் பெரும்பாலும் ஒரே வகைதான். மானிட்டரில் விளக்கு எரிகிறது என்றால் அந்தக் கேபிளைக் கழற்றி, அதே பிளக் பாயின்ட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போடுங்கள். கேபிள், பிளக், பாயின்ட் மூன்றையும் ஒரே அடியில் சோதித்தாகிவிடும்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பிரிட்டிஷ் வகை மூன்று சதுர முள் பிளக்குக்குள் சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. மின்சாரம் திடீரென்று கூடிக் குறையும்போது அது போய்விடலாம், வெளியே பார்த்தால் தெரியாது. ஃபியூஸை மல்டிமீட்டரின் பீப் அளவையில் வைத்துப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். வெள்ளித்தாள் சுற்றிப் போடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

பிரான்ஸிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த கம்ப்யூட்டர் என்றால் உருண்டை இரண்டு முள் பிளக் இருக்கும். அதை மலிவான அடாப்டரில் செருகினால் இரண்டு தொல்லை: முள் தளர்வாக நிற்கும், எர்த் இணைப்பும் கிடைக்காது. பெட்டியைத் தொட்டால் கையில் மெல்லிய கூச்சம் தெரிந்தால் அதுதான் காரணம். எர்த் உள்ள அடாப்டர் வாங்குங்கள், இல்லையென்றால் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் இரண்டையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ் ஒன்றே கம்ப்யூட்டரை இறந்ததுபோல் காட்டும். பவர் சப்ளையின் பின்பக்கம் சின்ன ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்கும், துடைக்கும்போது அது அணைந்திருக்கலாம். பழைய பெட்டிகளில் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்சும் உண்டு. அது 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-இல் வைத்து நம் மின்சாரத்தைக் கொடுத்தால் பவர் சப்ளை வெடித்துவிடும்.

செருகிய உடனே வீட்டு மெயின் போர்டில் டிரிப் ஆகிறதா? மற்ற பொருள்கள் அதே பாயின்ட்டில் ஒழுங்காக ஓடினால், பவர் சப்ளைக்குள் ஷார்ட் என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள்.

5. பவர் சப்ளை

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். காரணம், கெட்டுப்போன பவர் சப்ளை மற்ற எல்லாப் பாகத்தின் கோளாறையும்போல நடிக்கும்.

முதலில் டார்ச் அடித்துப் பின்பக்கத் துளைகள் வழியே பாருங்கள். நம் வீடுகளில் பல்லி சூடான இடம் தேடிப் பவர் சப்ளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் கால்கள் இரண்டு வேறு வோல்ட்டேஜ் உள்ள இடங்களில் பட்டால் அதன் உயிரும் போகும், பவர் சப்ளையும் போகும். காய்ந்த வால் ஃபேன் இறக்கையில் ஒட்டியிருப்பது, பக்கத்தில் கறுத்த ஒரு தீற்று, உள்ளிருந்து வரும் கருவாட்டு வாடை: இவை தெரிந்தால் மேலே சோதிக்க வேண்டாம், பவர் சப்ளையை மாற்றிவிடுங்கள். எறும்புக் கூடும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து, பட்டனே கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் முன்பக்க ஒயர்கள் வந்து சேரும் பின் கூட்டத்தில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்கள் இருக்கும். இடம் தெரியாவிட்டால் போர்டின் மாடல் எண்ணைப் போட்டு அதன் கையேட்டை இணையத்தில் எடுங்கள். பிளக்கை எடுத்து அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, இந்த ஒரு சோதனைக்கு மட்டும் பிளக்கைத் திரும்பச் செருகி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு பின்னையும் ஒரு நொடி தொடுங்கள். ஆன் ஆனால் பட்டன்தான் கெட்டது. ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே மாட்டினால் போதும், அது பவர் பட்டனாக வேலை செய்யும்.

ஆன் ஆகவில்லையா? இப்போது பேப்பர் கிளிப். பிளக்கை எடுத்துவிட்டு, பவர் சப்ளையிலிருந்து போகும் எல்லாக் கனெக்டர்களையும் போர்டு, டிஸ்க், கார்டு எல்லாவற்றிலிருந்தும் கழற்றுங்கள். 24 துளை உள்ள பெரிய கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்திலுள்ள ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் வளைத்த கிளிப்பால் இணைத்துவிட்டு, அதற்கப்புறம் பிளக்கைப் போடுங்கள். மதர்போர்டு "எழுந்திரு" என்று சொல்வதும் இதே முறையில்தான். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் புது வகையில் 16-ஆவது துளை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் திசையைக் கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கிளிப்பைச் செருகுங்கள்.

ஃபேன் ஓடினால் பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. உயிர் இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றாகிவிடாது. மல்டிமீட்டரை நேர்மின்சார 20 வோல்ட் அளவையில் வைத்து, அதன் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையைக் கீழே சொல்லும் நிற ஒயர்களில் ஒவ்வொன்றாகவும் வைத்து அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வர வேண்டும். ஊதா ஒயரில் 5 வோல்ட், கிளிப் இல்லாமலேயே, பிளக் செருகியவுடன் வர வேண்டும். ஊதாவில் ஒன்றுமே இல்லையென்றால் பவர் சப்ளை செத்துவிட்டது, மேலே தேட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. சில நல்ல பவர் சப்ளைகளில் சுமை குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது. அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள், மீட்டர் சொல்வதை நம்புங்கள். இரண்டாவது, கேபிள் கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவது. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல், உள் இணைப்பு வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் நல்ல டிஸ்க்குகள் எரிந்துபோகும். புதுப் பெட்டியோடு வந்த கேபிளையே போடுங்கள்.

மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தும் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒரு கணம் துள்ளி நின்றுவிடுகிறதா? எங்கோ ஷார்ட் இருக்கிறது, பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்கிறது. பிளக்கை ஒரு நிமிடம் எடுத்துவைத்தால்தான் அந்தக் காவல் விலகும். அப்புறம் 8-ஆம் படிக்குப் போங்கள்.

6. ஃபேன் ஓடுகிறது, திரை கருப்பு

முதலில் மானிட்டரையே சந்தேகப்படுங்கள். அதன் மெனு பட்டனை அழுத்தினால் மெனு வருகிறதா? எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் இவற்றில் எதில் கேபிள் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா? டிவியில் போட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேபிள் பெட்டியின் பின்புறம் எந்தத் துளையில் இருக்கிறது என்பது அடுத்தது. தனி கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் கார்டு) இருந்தால் கேபிள் அதில் இருக்க வேண்டும். வீடு மாற்றியவர்கள் மேலே இருக்கும் மதர்போர்டுத் துளையில் மாட்டிவிட்டுத் திரை வரவில்லை என்பார்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் அந்தத் துளையில் படம் வராது. இன்டெல் பிராசசர் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5000 வரிசையில் 5600எக்ஸ் போன்றவற்றிலும் இல்லை, 5600ஜி போன்றவற்றில் உண்டு.

பிறகு, மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக வரும் 4 அல்லது 8 துளை மின் கனெக்டர். 24 துளைக் கனெக்டர் மட்டும் மாட்டி இதை மறந்தால் ஃபேன் எல்லாம் அழகாக ஓடும், பிராசசர் எழவே எழாது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 துளைக் கனெக்டர் பார்க்க இதே மாதிரி இருந்தாலும் வேறு. உள்ளே போகவில்லையென்றால் அமுக்காதீர்கள், அது அந்த இடத்துக்கு உரியதில்லை.

போர்டு சொல்வதைக் கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கடந்த சில வருடங்களில் வந்த பல போர்டுகளில் ஓரத்தில் நாலு சின்ன விளக்குகள் உண்டு: சிபியு, டிராம், விஜிஏ, பூட். ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எது எரிந்தபடியே நிற்கிறதோ அங்கேதான் தடை. விளக்கு இல்லாத போர்டில் ஸ்பீக்கர் பின்களில் சின்ன பீப்பர் ஒன்றை மாட்டினால் சத்தத்தில் சொல்லும். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸுக்குப் பயாஸ் மாறும், உங்கள் போர்டின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

7. ராம்

கடலோரத்தில், பிளிக்-ஆன்-பிளாக் பக்கம், உப்புக் காற்று. மேலே கியூர்பிப்பில் வருடம் முழுக்க ஈரம். இரண்டு இடத்திலும் ராமின் தங்க நிறப் பட்டைகளில் மெல்லிய படலம் படியும். பல மாதம் அணைத்தே வைத்திருந்த கம்ப்யூட்டர் திடீரென்று கருந்திரை காட்டினால் நான் முதலில் கை வைப்பது இங்கேதான்.

பிளக்கை எடுத்து, பட்டனை அழுத்தி மின்சாரத்தை வடித்து, ராமின் கொக்கிகளைத் திறந்து வெளியே எடுங்கள். வெளிச்சத்தில் பட்டையைச் சாய்த்துப் பாருங்கள். சுத்தமான பட்டை சீராக மின்னும், படலம் படிந்தது பழுப்பாக மங்கித் தெரியும். பஞ்சு நுனியில் ஆல்கஹால் தொட்டு மேலிருந்து கீழாகத் துடையுங்கள், பக்கவாட்டில் தேய்க்க வேண்டாம். பஞ்சில் கறுப்பு ஒட்டி வருவது நின்றதும் விடலாம். ஆல்கஹால் இல்லையென்றால் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்க்கலாம், ஆனால் ரப்பர்த் துகள் ஒன்றுகூடத் துளைக்குள் விழக்கூடாது.

இப்போது ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டுங்கள். நாலு துளை உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது துளைதான் முதல் உரிமை. இரண்டு கொக்கியும் டக்கென்று தாமாக மூடும் வரை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள். புதியவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்த ராம், ராமே இல்லாததுபோல்தான்.

ஆன் செய்யுங்கள். வரவில்லையென்றால் அதே ராமை வேறு துளையில். அப்புறம் மற்ற ராமை முதல் துளையில். எல்லா ராமும் ஒரு துளையில் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் துளையில் கோளாறு. ஒரு ராம் மட்டும் எந்தத் துளையிலும் வேலை செய்யவில்லையென்றால் அந்த ராமில் கோளாறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு மாற்றிக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் கடைசி வரை தெரியாது.

டிடிஆர்5 ராம் உள்ள புது போர்டில் ஓர் எச்சரிக்கை. ராம் மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ராமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அது வரை திரை கருப்பாகவே இருக்கும், சில சமயம் தானாக ரீஸ்டார்ட்டும் ஆகும். கால் மணி நேரம் பொறுங்கள். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

8. குறைந்தபட்சப் பாகங்களோடு

இதுவரை பிடிபடவில்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றும் நேரம் வந்துவிட்டது. போர்டு, பிராசசர், அதன் கூலர், ஒரு ராம், பவர் சப்ளை. பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் தனி கார்டும் வேண்டாம். டிஸ்க், யுஎஸ்பி, லேன் கேபிள், முன்பக்க யுஎஸ்பி ஒயர் எல்லாம் வெளியே. இந்தக் கூட்டணி பயாஸைக் காட்டினால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

யுஎஸ்பி துளைகளைத் தனியாகப் பாருங்கள். நடுவிலிருக்கும் நாக்கு உடைந்து பின்கள் ஒன்றையொன்று தொட்டால் முழுக் கம்ப்யூட்டரும் எழாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது சாதாரணம்.

இப்போதும் வரவில்லையென்றால் போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேலோ மரப்பலகை மேலோ வைத்துச் சோதியுங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடாவிட்டால், போர்டுக்கு அடியில் ஓர் ஸ்க்ரூ விழுந்து கிடக்கும், அல்லது போர்டைத் தாங்கும் பித்தளைக் காலொன்று துளை இல்லாத இடத்தில் நிற்கும்.

பயாஸ் அமைப்பை அழிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பிளக்கை எடுத்து, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து மாட்டலாம். பேட்டரியில் 3 வோல்ட் இருக்க வேண்டும். நன்றாக இறங்கியிருந்தால் புதியது போடுங்கள். தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போவது இதன் அடையாளம். ஆனால் ஒன்று: விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸை அழித்ததும் 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமித்திருக்கிறதா என்று போனில் பார்த்துவிட்டுத்தான் பேட்டரியில் கை வையுங்கள். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

பவர் சப்ளை நல்லது, ராம் நல்லது, ஷார்ட் இல்லை, அப்படியும் எழவில்லை. மிச்சமிருப்பது மதர்போர்டும் பிராசசரும்தான். பிராசசர் கெடுவது அபூர்வம், அதனால் நான் போர்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கிறதா, லேன் துளைக்குப் பக்கத்தில் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். மின்னல் அடி ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் வழியாகவும் வரும். மின்கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு அதை மறந்தவர்கள் பலர்.

9. பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். பிரெஞ்சு கீபோர்டில் டெலிட் கீ மேல் "சுப்ர்" என்று இருக்கும். பயாஸில் பாஸ்வேர்டு வைத்திருந்தால் கவனம்: பயாஸ் பெரும்பாலும் எல்லாக் கீபோர்டையும் ஆங்கில அமைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் பிரெஞ்சு கீபோர்டில் ஏ அடித்தால் க்யூ விழும்.

பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் மின் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி என்றால் கழற்றித் திரும்பச் செருகுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் டிஸ்க் போயிருக்கலாம். வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி உறுதி செய்யுங்கள்.

தெரிந்தால், பூட் வரிசையில் அது முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். மறந்துபோய்ச் செருகியே விட்ட பென் டிரைவ் ஒன்றே "பூட் டிவைஸ் இல்லை" என்று சொல்லவைக்கும்.

டிஸ்க் தெரிகிறது, வரிசையும் சரி, இருந்தும் விண்டோஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? இங்கேதான் பலர் பெரிய தவறைச் செய்கிறார்கள். உடனே ரிப்பேர் ஓடவிடுவார்கள், அல்லது விண்டோஸைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே கடைசி அடியாகிவிடும். கல்யாண வீடியோ, காவடிப் போட்டோ, பிள்ளைகளின் பாடங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன. டக் டக் என்று ஒரே தாளத்தில் டிஸ்க் சத்தம் போட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் அது தன் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம்.

சத்தம் இல்லையென்றால், நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பென் டிரைவில் உபுண்டு (விண்டோஸ் மாதிரியான இலவச இயங்குதளம்) ஏற்றி வந்து, இன்ஸ்டால் செய்யாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டுங்கள். அது நன்றாக ஓடினால் போர்டு, பிராசசர், ராம், திரை எல்லாம் நலமாகத்தான் இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். முதலில் உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அதன்பின் உபுண்டுவிலுள்ள டிஸ்க்ஸ் என்ற செயலியில், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து, மாற்றி ஒதுக்கிய செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னப் பகுதி), காத்திருக்கும் செக்டார் என்ற இரண்டு எண்ணிக்கைகளையும் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் நல்லது. நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை மறந்துவிடுங்கள். டிஸ்க் நலம் என்று தெரிந்த பிறகு விண்டோஸைத் திரும்பப் போடுவது பற்றி யோசிக்கலாம்.

நீலத்திரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொன்னால் ராமையும் சந்தேகப்படுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடி நிற்கும், அது போதும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அப்போது ராமை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்து, பிழை காட்டுவதை நீக்குங்கள்.

10. ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது

எப்போது அணைகிறது என்பதே விடையைச் சொல்லும். ஆன் ஆகிச் சில நொடிகளிலா? பிராசசர் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் ஃபேன் சுற்றவில்லை. கேம் தொடங்கியதும் பட்டென்று அணைகிறதா? பவர் சப்ளையால் சுமையைத் தாங்க முடியவில்லை. பத்து இருபது நிமிடத்தில், பிற்பகல் வெயில் நேரத்தில் மட்டுமா? தூசியும், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்துபோனதும்தான் காரணம். பயாஸிலேயே பிராசசர் சூடு தெரியும். ஒரு வேலையும் இல்லாமல் 80 டிகிரியைத் தாண்டினால் கூலரைக் கழற்றி, பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்து மாட்டுங்கள்.

11. லேப்டாப் என்றால்

வழி இதேதான், கைக்கு எட்டுவது மட்டும் குறைவு. சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழலும் வகையென்றால் அதையும் எடுத்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். மின்னலுக்குப் பிறகு எழாத லேப்டாப்பில் முதலில் இதைச் செய்துவிடுங்கள். வெளி மானிட்டரில் படம் வந்தால் கெட்டது திரையோ அதன் ஒயரோதான். பேட்டரி உப்பி டச்பேடு மேலெழும்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவும் வேண்டாம்.

12. கடைக்குப் போகும்போது

மதர்போர்டு அல்லது பிராசசர் என்று முடிவுக்கு வந்துவிட்டால் கடைக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. அங்கே அதே வகைப் பிராசசரும் போர்டும் மாற்றிப் போட்டுப் பார்க்க இருக்கும், வீட்டில் நம்மிடம் இருக்காது. உங்கள் நோட்டைக் கொண்டுபோய், எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த விளக்கு எரிகிறது, எந்த ஒயரில் எத்தனை வோல்ட், எந்த ராமை எந்தத் துளையில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். டிஸ்க்கை முடிந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.